துங்கபத்திரைக் கரையில் ஒரு நாள்

வரலாற்றைப் பற்றிப் பேசும் அரபு அறிஞர்கள் 'இப்ரத்' என்னும் சொல்லைப் பெரிதும் எடுத்தாள்வர். தமிழில் அதனைப் படிப்பினை என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அச்சொல்லின் வேர் 'அபர' என்பது; ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடந்து செல்லுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். கண்ணுக்குத் தெரிவதிலிருந்து கண்ணுக்குத் தெரியாததற்குக் கடந்து செல்லும் அறிவே இப்ரத் ஆகும். இப்னு கல்தூன் தம் பெருநூலுக்குக் 'கிதாபுல் இபர்' என்று பெயரிட்டதும் இதனால்தான். அப்பேரறிஞர் தூனிஸ் நகரில் பிறந்த ஆண்டு 1332. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1336இல், நம் தென்னாட்டில் துங்கபத்திரை ஆற்றின் தென்கரையில் விஜயநகரம் நிறுவப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு.

ஹரிஹரர், புக்கர் என்னும் சகோதரர்கள் தோற்றுவித்த அவ்வரசு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தென்னகத்தை ஆண்டது. நம் தமிழகத்தின் வரலாறும் அதனோடு பின்னிக் கிடப்பதே. புக்கரின் மகன் குமார கம்பணன் மதுரைச் சுல்தான்களை வென்ற நிகழ்ச்சியை அவன் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்னும் வடமொழிக் காவியமாகவே பாடி வைத்திருக்கிறாள். அத்தகைய பேரரசின் தலைநகர் 1565ஆம் ஆண்டு ஒரே போரின் விளைவால் பாழாயிற்று. அப்பாழ்தான் இன்றைய ஹம்பி. கர்நாடக மாநிலத்தில் ஹொசபேட்டையிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர். 1986ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அப்பகுதி 40 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்புடையது. கோயில், மண்டபம், மதில், குளம், கால்வாய் என 1,600க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களின் எச்சங்கள் அங்கே சிதறிக் கிடக்கின்றன.

இத்தகைய நகரைக் காண மிதிவண்டியே ஏற்ற ஊர்தி எனலாம். நடந்தால் ஒரு நாள் போதாது. மோட்டார் வண்டியில் சென்றாலோ கற்கள் கண்ணில் பட்டு மறையுமேயன்றி மனத்தில் படியா. நம்மிடம் ஓதி, இப்போது ஓசூரில் பணிபுரியும் மாணவர் ஒருவர் துணைவர, மார்கழித் திங்களில் ஒரு நாள் காலைத் தொழுகையை முடித்துக்கொண்டு ஹம்பியை அடைந்தோம். பேருந்து நிற்கும் இடத்தருகே வாடகைக்கு விடும் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அகவை ஐம்பதைக் கடந்த நமக்கு ஏற்றத்தில் மிதிப்பது சற்றுக் கடினமே. எனினும் பாறைக் குன்றுகளின் நடுவே வாழையும் கரும்பும் செழித்த வயல்களை ஒட்டிச் செல்லும் அப்பாதைகள் களைப்பை மறக்கச் செய்வன.

ஹம்பியின் மேற்கோடியில் விரூபாட்சர் கோயில் நிற்கிறது. கிழக்கு நோக்கிய அதன் பெருங்கோபுரம் ஏறத்தாழ ஐம்பது மீட்டர் உயரமுடையது. கிருஷ்ணதேவராயர் முடிசூடியதை ஒட்டி இங்கே மண்டபம் எழுப்பிய செய்தியை 1510ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. இக்கோயில் பாழன்று. இன்றும் இங்கே வழிபாடு நடைபெறுகிறது. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து செல்கின்றனர். இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்கு நாம் திரும்பி வருவோம்.

கோயிலுக்குத் தெற்கே ஹேமகூடக் குன்றைச் சுற்றிக்கொண்டு கமலாபுரம் செல்லும் சாலையில் சிறிது தூரம் மிதித்தால் கிருஷ்ணர் கோயில் வருகிறது. ஒடிசா நாட்டுக் கஜபதி மன்னரிடமிருந்து உதயகிரிக் கோட்டையைக் கைப்பற்றிய கிருஷ்ணதேவராயர், அங்கிருந்த பாலகிருஷ்ணர் சிலையைக் கொண்டுவந்து 1515இல் இங்கே நிறுவினார். கோயிலின் கிழக்குக் கோபுரத்தில் குதிரை வீரர்கள் அணிவகுத்துச் செல்லும் போர்க்காட்சிகள் சுதைச் சிற்பங்களாக இன்றும் தெரிகின்றன. சிலை இப்போது இங்கில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மன்னர் மற்றொரு மன்னரை வென்றால், தோற்றவரின் தெய்வத்தையும் வெற்றிப் பொருளாகக் கொண்டு செல்வது அக்கால வழக்கமாக இருந்தது. வென்றவரும் தோற்றவரும் ஒரே சமயத்தவராக இருந்தபோதும் அவ்வழக்கம் நின்றதில்லை.

அதே சாலையில் சற்று அப்பால் லட்சுமி நரசிம்மர் சிலை இருக்கிறது. ஒரே பாறையில் செதுக்கப்பட்ட இச்சிலை 6.7 மீட்டர் உயரமுடையது. 1528ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. மடியில் இருந்த திருமகள் உருவம் இப்போது இல்லை. அணைத்திருந்த அவள் கை மட்டும் நரசிம்மரின் முதுகுப் புறத்தில் எஞ்சி நிற்கிறது. கல்லில் வடித்த அக்கையைக் காணும்போது, சிலை வணக்கத்தை ஏற்காத நம் போன்றோர்க்கும் சிற்பியின் உழைப்பை எண்ணி மனம் கனக்கவே செய்கிறது.

நாம் அங்கே நின்றிருந்த வேளையில் தமிழகத்திலிருந்து சுற்றுலா வந்த பள்ளிச் சிறுவர்கள் சிலர் சூழ்ந்து நின்றனர். "இதை யார் உடைத்தது?" என்று ஒரு சிறுவன் கேட்டான். வழிகாட்டி, "துலுக்கர் படை வந்து உடைத்தது" என்று ஒரே சொற்றொடரில் விடை கூறிவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தார். சிறுவர்களில் தொப்பியணிந்த பிள்ளை ஒருவனும் இருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தின் பின்னே சென்றான். நம் மாணவர் அதனைக் கவனித்தார். "ஹஜ்ரத், அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன சொல்வது?" என்று கேட்டார். "அன்றைய நாளின் கற்களையெல்லாம் பார்த்துவிட்டுச் சொல்வோம், வாருங்கள்" என்றோம்.

சாலையிலிருந்து இடப்புறம் பிரியும் வழியில் சென்றால் அரண்மனைப் பகுதியை அடையலாம். அங்கே நாம் முதலில் கண்டவை தாமரை மகாலும் யானைக் கொட்டிலும். யானைக் கொட்டில் என்று வழங்கும் நீண்ட கட்டடத்தில் பதினொரு அறைகள். அவற்றின் மேலே வெவ்வேறு வடிவிலான குவிமாடங்கள். தாமரை மகாலின் வளைவுகளோ இதழ் இதழாக விரிந்தவை. அவ்வளைவுகளின் மேலே கோயில் விமானங்களைப் போன்ற கூம்பிய கூரைகள். குல்பர்காவிலும் பீதரிலும் காணும் பாமினிக் கட்டடக் கலையும் தென்னாட்டுக் கோயிற்கலையும் ஒரே சுவரில் உடன்பட்டு நிற்பதை அங்கே காண்கிறோம். பகைவர் நாட்டுக் கலை என்று விஜயநகர மன்னர்கள் அதனை விலக்கவில்லை. தம் அரண்மனைக்கே அழைத்துக்கொண்டனர்.

அடுத்து ஹஸாரராமர் கோயில். அதன் வெளிமதிலில் வரிவரியாக யானைகள், குதிரைகள், போர்வீரர்கள், ஆடல் மகளிர். குதிரைகளைப் பற்றி ஒரு செய்தி கூற வேண்டும். தென்னாட்டில் நல்ல போர்க்குதிரைகள் பிறப்பதில்லை. அவை அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கடல் வழியே வந்தன. அரசர் ஆண்டுதோறும் ஹொர்முஸ் குதிரைகள் 13,000 வாங்கினார் என்று நூனிஸ் என்னும் போர்த்துக்கீசியர் எழுதியிருக்கிறார். எண்ணில் மிகை இருப்பினும் இருக்கலாம். ஆயினும் விஜயநகரத்தின் படைவலிமை முஸ்லிம் துறைமுகங்களோடு நடந்த வாணிகத்தைச் சார்ந்து நின்றது என்பதில் ஐயமில்லை. மகாநவமி மேடையின் சிற்பங்களிலும் தாடி வைத்துக் கூர்நுனித் தொப்பி அணிந்த அயல்நாட்டார் உருவங்களைக் காணலாம்.

தொப்பி என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. விஜயநகர அரசவையில் மன்னரும் பெருமக்களும் அணிந்த நீண்ட மேலங்கிக்குக் 'கபாயி' என்று பெயர். தலையில் அணிந்த உயர்ந்த தொப்பிக்குக் 'குல்லாயி' என்று பெயர். முன்னது அரபு மொழியின் 'கபா'. பின்னது பாரசீகத்தின் 'குலாஹ்'. நாம் வீட்டில் வழங்கும் குல்லாவும் அதுவே. திருமலைக் கோயிலில் உள்ள கிருஷ்ணதேவராயரின் செப்புச் சிலையில் அவ்வுயர்ந்த தொப்பியை இன்றும் காணலாம். உடை மட்டுமன்று, விருதுப் பெயரும் அப்படியே. 'ஹிந்துராய சுரத்ராண' என்பது இம்மரபின் மன்னர்கள் 1350களிலேயே சூடிக்கொண்ட பட்டம். சுரத்ராண என்பது வடமொழி உடை உடுத்த சுல்தான் என்னும் அரபுச் சொல்லே. இந்து அரசர்களுள் சுல்தான் என்று தம்மைப் பெருமையுடன் அழைத்துக்கொண்டவர்கள் அவர்கள். பின்னாளில் கிருஷ்ணதேவராயர், பாமினி அரசைத் தாமே மீண்டும் நிலைநிறுத்தியதாகக் கருதி, 'யவனராஜ்ய ஸ்தாபனாசாரிய' என்ற பட்டத்தையும் பூண்டார். யவனர் என்று அங்கே குறிக்கப்படுவோர் முஸ்லிம்களே.

மேடையின் அருகில், கருங்கல்லால் அடுக்கடுக்காகப் படி அமைத்த ஒரு குளமும் அதற்கு நீர் கொணர்ந்த கல்வாய்க்கால்களும் உள்ளன. இவ்வூரின் நீர்வாய்க்கால்களைக் கண்டு வியந்தவர்களுள் ஒருவர் அப்துர் ரஸ்ஸாக். ஹிராத் நகரிலிருந்து தைமூரின் மகன் ஷாருக் அனுப்பிய தூதர் அவர். கள்ளிக்கோட்டையில் இறங்கி, 1443இல் இந்நகரை அடைந்து, இரண்டாம் தேவராயரின் விருந்தினராகத் தங்கினார். ஏழு மதில்களையும், கடைத்தெருக்களில் வெளிப்படையாக மணிகள் விற்கப்பட்டதையும், மகாநவமி விழாவையும் பாரசீக மொழியில் அவர் எழுதி வைத்திராவிடில் இந்நகரின் பொற்காலம் நமக்குப் பாதிதான் தெரிந்திருக்கும்.

நண்பகலில் கமலாபுரம் சென்று, லுஹர் தொழுது, உணவு கொண்டு, அங்குள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்தையும் பார்த்தபின் தளரிகட்டா செல்லும் சாலையில் வண்டியைச் செலுத்தினோம். வழியில் கணகித்திக் கோயில் என்னும் சமணக் கோயில். இரண்டாம் ஹரிஹரரின் படைத்தலைவர் இருகர் 1385இல் கட்டியது அது. அதனைக் கடந்து சென்றால் முட்புதர்கள் மண்டிய திடலில் இரண்டு கட்டடங்கள் தென்படுகின்றன. பெரும்பாலான பயணிகள் இங்கே நிற்பதில்லை.

ஒன்று குவிமாடத்துடன் கூடிய கல்லறை. மற்றொன்று, பார்த்தவுடன் கோயில் மண்டபம் என்றே தோன்றும். கருங்கல் தூண்கள், அவற்றின்மேல் உத்தரங்கள், தட்டையான கூரை. வளைவும் இல்லை, மினாராவும் இல்லை. உள்ளே சென்று மேற்குச் சுவரைப் பார்த்த பின்னரே மிஹ்ராபின் மாடம் கண்ணில் படுகிறது. இது ஒரு பள்ளிவாசல்! இரண்டாம் தேவராயரின் பணியில் இருந்த அஹ்மத் கான் என்னும் அலுவலர் 1439ஆம் ஆண்டில் கட்டியது. அதாவது அப்துர் ரஸ்ஸாக் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நின்றிருந்தது.

இதன் கல்வெட்டு அரபியில் இல்லை, பாரசீகத்திலும் இல்லை, கன்னடத்தில் இருக்கிறது. பள்ளிவாசல் என்ற பெயரும் அதில் இல்லை. தம் அரசர் தேவராயருக்குப் புண்ணியம் உண்டாகும் பொருட்டு அஹ்மத் கான் 'தர்மசாலை' அமைத்ததாக அது கூறுகிறது. இறைவனைத் தொழும் இடத்தை அவ்வூர் மக்கள் அறிந்த சொல்லால் அறச்சாலை என்றார்; அதன் நன்மையைத் தம் மன்னர்க்கு உரியதாக்கினார். வெளியே ஊரின் தோற்றம். உள்ளே கிப்லாவின் திசை. தமிழகத்திலும் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தூணும் உத்தரமுமாகக் கட்டப்பட்ட பழைய கற்பள்ளிகளைக் கண்டு பழகிய நமக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றவில்லை. இது இன்று தொழுகை நடைபெறும் இடமன்று. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். ஆகவே சற்று நேரம் மௌனமாக நின்று, அடங்கியிருப்போருக்காக மனத்துள் துஆ செய்துவிட்டு வெளியே வந்தோம்.

அஹ்மத் கான் தனியொருவர் அல்லர். இரண்டாம் தேவராயர் தம் படையில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து, நிலம் வழங்கி, பள்ளிவாசல் அமைத்துக் கொடுத்து, அவர்கள் மனச்சான்றுக்கு முரணின்றித் தமக்கு மரியாதை செய்யும் பொருட்டுத் தம் அரியணைக்கு முன்னே திருக்குர்ஆனை வைக்கச் செய்தார் என்று, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிஜாப்பூரில் இருந்து வரலாறு எழுதிய ஃபிரிஷ்தா கூறுகிறார். 1520ஐ ஒட்டி இந்நகரைக் கண்ட பயஸ் என்னும் போர்த்துக்கீசியரும், இங்கே முஸ்லிம்கள் வாழும் பகுதி ஒன்று இருந்தது என்றும், அவர்களுள் பலர் இந்நாட்டிலேயே பிறந்து அரசரின் காவற்படையில் ஊதியம் பெற்றவர்கள் என்றும் எழுதுகிறார்.

அப்படியாயின் 1565இல் நடந்தது என்ன? விட்டலர் கோயிலுக்குச் செல்லும் வழியெல்லாம் மாணவரின் கேள்வி இதுவாகவே இருந்தது. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நடந்து, ஐம்பது ரூபாய்த் தாளில் அச்சிடப்பட்டுள்ள புகழ்பெற்ற கற்றேரின் முன்னே நின்று அவ்வரலாற்றைச் சொன்னோம்.

அக்காலத்தில் பெயரளவில் சதாசிவராயர் அரசர். ஆட்சி முழுவதும் ராமராயர் கையில். இளமையில் கோல்கொண்டாவில் பணி செய்தவர் ராமராயர். கோல்கொண்டாவின் இப்ராஹீம் குதுப் ஷா, அரசராவதற்கு முன் ஏழு ஆண்டுகள் விஜயநகரத்தில் அடைக்கலம் பெற்றிருந்தார். பிஜாப்பூரின் அலி ஆதில் ஷா நேரில் வந்து ராமராயரின் உதவியை நாடினார். அவரை ராமராயரின் மனைவி மகனாகவே ஏற்றுக்கொண்டாள் என்பர். அவ்விரு அரசுகளும் சேர்ந்து அஹ்மத்நகரின் மீது படையெடுத்தன. இவ்வாறு ஒரு சுல்தானை மற்றொரு சுல்தானோடு மோதவிட்டு ராமராயர் வலிமை பெருக்கினார். இறுதியில் அதுவே அவருக்கு வினையாயிற்று. சுல்தான்கள் தம்முள் திருமண உறவு கொண்டனர். வீரப்பெண்மணி சாந்த் பீபி, அலி ஆதில் ஷாவுக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டது இவ்வுடன்பாட்டின் பகுதியே. பிஜாப்பூர், அஹ்மத்நகர், கோல்கொண்டா, பீதர் ஆகிய நான்கு படைகளும் ஒன்றுசேர்ந்து 1565 ஜனவரியில் கிருஷ்ணா நதியருகே ராமராயரை வென்றன. ஹுஸைன் நிஜாம் ஷாவின் ஆணையால் அம்முதியவர் களத்திலேயே தலை துணிக்கப்பட்டார். அவர் தம்பி திருமலர் கருவூலத்தை யானைகளில் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்குச் சென்றுவிட, காவலற்ற தலைநகர் கொள்ளைக்கு இரையாயிற்று.

விட்டலர் கோயில் மண்டபத்தில் தீயால் வெடித்த கருங்கற்களை இன்றும் காணலாம். கிருஷ்ணர் கோயிலும் அச்யுதராயர் கோயிலும் சிதைந்தன. ஆனால் காலையில் நாம் கண்ட விரூபாட்சர் கோயிலின் நிலை வேறு. கோயில் என்பதற்காக அனைத்தையும் அழிப்பதே நோக்கமெனில், ஊரின் பழமையான பெருங்கோயில் எங்ஙனம் நிலைத்திருக்கும்? பின்னாளில் ஆண்ட அரசர்களின் குடும்பத்தோடும் பெருமையோடும் நெருங்கிய தொடர்புடைய வைணவக் கோயில்களே பெரிதும் தாக்குண்டன என்று ஹம்பியை ஆராய்ந்த அறிஞர்கள் காட்டியிருக்கின்றனர். வீழ்த்தப்பட்டது ஓர் அரசின் அடையாளம்.

இவ்வாறு கூறுவதால் அச்செயல் நியாயமாகிவிடாது. கற்களும் கலையும் அழிந்தன, மக்கள் வீடிழந்தனர். இரண்டாண்டு கழித்து இங்கே வந்து தங்கிய சீசர் ஃபிரெடரிக் என்னும் வெனிஸ் வணிகர், வீடுகள் நின்றாலும் அவற்றில் மனிதர் இல்லை, விலங்குகளே உலவுவதாகக் கேள்வி என்று எழுதினார். அழித்தோர் முஸ்லிம் அரசர்கள் என்பதும் உண்மையே. அதனை மறைக்க நாம் முற்படலாகாது. இப்னு பதூதாவை நினைத்துப் பாருங்கள். 1340களில் அவர் மதுரைக்கு வந்தபோது அங்கே ஆண்ட கியாதுத்தீன் சுல்தான் அவருக்கு நெருங்கிய உறவினர். இருவரும் அஹ்ஸன் ஷாவின் மகளிரை மணந்தவர்கள். அப்படியிருந்தும் கைதிகளையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் அச்சுல்தான் கொன்ற கொடுமையைத் தம் பயண நூலில் அவர் வெளிப்படையாக எழுதி, அருவருக்கத்தக்க செயலென்று கண்டித்தார். உறவு, சமயம், அரசரின் விருந்து இவற்றுள் எதுவும் அக்காஜியின் எழுதுகோலைத் தடுக்கவில்லை. நமக்கு வழிகாட்டும் வரலாற்று மரபு அதுவே.

விஜயநகரை வென்ற அரசுகளும் நிலைக்கவில்லை. பிஜாப்பூரை 1686இலும் கோல்கொண்டாவை 1687இலும் கைப்பற்றியவர் ஔரங்கசீப். அரசுகளை ஆட்டிவைத்தது மண்ணாசையும் பகையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான் என்று மாணவரிடம் கூறினோம்: "தம்பி, சிலையை உடைத்தது சுல்தான்களின் படை. அது தவறு. அத்தவறு உன் தலைமேல் இல்லை. நீ குனிய வேண்டாம். இதே ஊரில் அஹ்மத் கான் கட்டிய தர்மசாலையும் இருக்கிறது. வா, அதையும் உனக்குக் காட்டுகிறேன்." வழிகாட்டி கூறியது பொய்யன்று, ஒரு நாளின் செய்தியை இருநூறு ஆண்டுகளின் செய்தியாக்கியதே அதிலுள்ள குறை. அக்குறையை நிரப்பும் பொறுப்பு, இரு பக்கச் செய்தியையும் அறிந்த நம்முடையதே.

கார்த்திகை முதல் மாசி வரை ஹம்பியில் வெயில் தாங்கக்கூடியது. குடும்பத்தோடு செல்வோர் தளரிகட்டாச் சாலையில் வண்டியை நிறுத்தி, அந்தத் தூண் மண்டபத்தின் மேற்குச் சுவரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்களாக. நரசிம்மர் சிலையின் முதுகில் எஞ்சியுள்ள கையையும் காட்டத் தவறலாகாது. அவ்வளவு தூரம் செல்ல இயலாதோர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உதயகிரிப் பாலகிருஷ்ணரைக் கண்டு, அச்சிலை அங்கே வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.